கச்சான் காலத்துச் சமையல்: நம் மாவட்டத்து விளைச்சல் மட்டும் போதுமா?

உப்புவெளி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வைகாசியில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றுத் தொடங்கி ஆவணி முடியும் வரை திருகோணமலையில் குசினிக்குள் நிற்பது எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் அலுவலகத்துக்குச் செல்பவள். காலை ஆறரை மணிக்குள் அன்றைய சமையல் முடிந்துவிட வேண்டும்; சமைத்தது மாலை வரை கெடாமலும் இருக்க வேண்டும். இதோடு இன்னொரு நிபந்தனையையும் நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உப்பு, புளி, சரக்குத்தூள் நீங்கலாக, இந்த மாதங்களில் சட்டிக்குள் போவதெல்லாம் நம் மாவட்டத்து வயலிலும் தோட்டத்திலும் விளைந்ததாக இருக்க வேண்டும்.

மரக்கறியில் எனக்குக் குறை ஏதும் ஏற்படவில்லை. கத்தரி, வெண்டி, பயற்றங்காய், பூசணி, பாகல், முருங்கை, கெக்கரி என்று வெயிலுக்கு அஞ்சாதவை போதிய அளவு கிடைக்கின்றன. சிக்கல் தேங்காயில்தான் வந்து நிற்கிறது. நம்மிடம் தென்னைகள் இருந்தாலும் சந்தைக்கு வரும் காய்களில் பெரும்பகுதி குருநாகல், புத்தளம் பக்கத்தவை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது அந்தத் தூரம் கைப்பையில் தெரிந்தது. விலையை விட்டாலும் வேறொரு காரணம் இருக்கிறது: காலையில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய கறி, இந்த வெப்பத்தில், மதியம் இரண்டு மணிக்கு மேல் நம்பிச் சாப்பிடக்கூடியதாக இருப்பதில்லை. எனவே தேங்காயைக் குறைத்து, ஆனால் நம் நாக்குக்கு அந்நியமாகாமல் சமைப்பதற்கு உங்கள் வீடுகளில் என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

தம்பலகாமத்து விவசாயி எழுதியது:

மகளின் கேள்வி நல்லது. ஆனால் தேங்காயிலிருந்து தொடங்கியது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் அரிசியையும் பருப்பையும் பார்க்க வேண்டும்.

அரிசியைப் பொறுத்தவரை கவலையில்லை. பெரும்போக நெல்லை மாசி, பங்குனியில் அறுவடை செய்கிறோம். ஆகவே கச்சான் காலத்தில் நீங்கள் உண்பது பெரும்பாலும் சென்ற மாரி மழையில் விளைந்த அரிசிதான். கோடையில் விதைக்கும் சிறுபோகம் எவ்வளவு பரப்பில் செய்யலாம் என்பதைக் கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது. அதே குளம் நகரத்தவர்களின் குடிநீருக்கும் பொறுப்பு என்பதைச் சந்தர்ப்பம் கிடைக்கும் போதெல்லாம் நகரத்தவர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம். அரிசி வாங்கும்போது, அறுத்து ஓரிரு வாரமே ஆன நெல்லில் குற்றியதைக் கோடைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அது குழைந்து ஒட்டிக்கொள்ளும். சில மாதங்கள் கிடந்த நெல்லின் சிவப்புப் புழுங்கலரிசி சற்றுக் கூடுதலாக நீர் குடித்தாலும், உதிரியாக வெந்து மாலை வரை நிற்கும்.

பருப்பு விடயத்தில்தான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடம் வேகின்ற மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது. நம் வயலில் நெல் அறுத்த பின்பு மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பிப் பயறு விதைத்தால் ஏறக்குறைய அறுபது அறுபத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். அதற்குப் பெருமழை தேவையில்லை. பூக்கும் காலத்தில் மழை பெய்தால் கெடுதலே அதிகம். கௌபியும் உளுந்தும் அப்படியே. பயற்றை இளஞ்சூட்டில் வறுத்து, திரிகையில் இட்டு உடைத்து, கோது நீக்கி வைத்துக்கொண்டால் மைசூர்ப் பருப்பு வேகும் நேரத்தைவிடச் சிறிதே கூடுதலான நேரத்தில் வெந்துவிடும். முழுப் பயறானால் முதல்நாள் இரவே ஊற வையுங்கள். பயற்றங்கறியின் இயல்பான தடிப்புக்கு முதற்பால் தேவைப்படுவதில்லை. உள்ளி, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை இட்ட ஒரு தாளிதம் போதும். இவ்வாறு உங்கள் தேங்காயில் பாதி பருப்பிலேயே மிச்சமாகிவிடும்.

பாலையூற்று மருமகள் எழுதியது:

ஐயா, பயற்றங்கறியைப் பிள்ளைகள் தொடுவதில்லை. பாயாசம் என்றால் மட்டும் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

தம்பலகாமத்து விவசாயி எழுதியது:

அப்படியானால் பயற்றைக் குழைய விடாதீர்கள், மகள். முழுப் பயற்றை விரல் நசுக்கினால் நசியும் பதத்தில் வடித்து, கடுகும் வெங்காயமும் தாளித்து, மேலே மாங்காய்ச் சீவல் தூவிச் சுண்டலாகக் கொடுத்துப் பாருங்கள். ஆனி முடியும் வரை மாங்காய்க்குப் பஞ்சமில்லை.

கிண்ணியா வாசகர் எழுதியது:

தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தயிர் என்று யாராவது சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன். எவரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். ஆனால் முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். கோடையில் தயிர் மலிவாகக் கிடைக்கும் என்று நகரத்தில் பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு மாறானது. மாரியில் புல் செழித்திருக்கும்போது எருமைகள் பால் சொரிகின்றன. கச்சான் தொடங்கியதும் புல் கருகுகிறது. சிறுபோகம் விதைத்த வயல்களுக்குள் மாடுகளை விட முடியாது. பட்டிகளைக் குளத்தோரங்களுக்கும் மகாவலி ஆற்றுப் படுகைகளுக்கும் சாய்க்க வேண்டியிருக்கிறது. பால் குறைகிறது, சட்டித் தயிரின் விலை ஏறுகிறது. எனவே கோடையில் தயிரைக் கெட்டியாகச் சாப்பிடுவதைக் காட்டிலும் மோராக்கி நீட்டிக்கொள்வதே நம் வீடுகளின் வழக்கம்.

எங்கள் வீட்டு மோர்க்கறி மிகச் சுருக்கமானது. ஒரு மேசைக்கரண்டி பச்சையரிசியை ஊறவைத்து, பச்சைமிளகாய், நற்சீரகம், சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றோடு அரைத்து, நன்றாகக் கடைந்த மோரில் கரைக்க வேண்டும். பூசணியையோ கெக்கரியையோ மஞ்சளும் உப்பும் இட்டுச் சிறிதளவு நீரில் முன்னதாகவே அவித்து வைத்துக்கொண்டு, அடுப்பை மிகக் குறைத்த பின்பு மோரை விட வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரைந்துவிடும். அரிசிமா சேர்வதால் மோர் எளிதில் பிரியாது. மோரின் புளிப்பு இருப்பதால் பால்கறியைவிட இது சற்று நேரம் கூடுதலாகவே தாக்குப்பிடிக்கும். ஆயினும் இரவு வரை வைக்கும் எண்ணம் வேண்டாம்.

கெக்கரிக்காய்ப் பச்சடி செய்பவர்கள் உப்பை உண்ணும் வேளையில் சேருங்கள். முன்கூட்டியே சேர்த்தால் காய் நீர் விட்டுத் தயிர் தண்ணீராகிவிடும்.

மூதூர் ஆசிரியை எழுதியது:

சகோதரரின் மோர்க்கறியைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் உப்புவெளிச் சகோதரியின் கேள்வியிலே விடுபட்டிருப்பது காலை உணவு. காலையில் பிட்டுக்கோ இடியப்பத்துக்கோ அடுப்பு மூட்டினால், நீராவியோடு ஒரு மணி நேரமும், சொதிக்கும் சம்பலுக்குமாக ஒரு தேங்காயும் போய்விடும். நம் ஊர்க் கோடையின் இயல்பான காலை உணவு பழஞ்சோறு. அதை வறுமையின் அடையாளமாகக் கருதி மறைத்துச் சாப்பிடும் பழக்கம் எப்போது வந்ததோ தெரியவில்லை. இப்போது கடற்கரை விடுதிகளில் அதையே மண்சட்டியில் விலை போட்டுக் கொடுத்தால் படமெடுத்துச் சாப்பிடுகிறோம்.

இரவு மிஞ்சிய சிவப்புப் புழுங்கலரிசிச் சோற்றை ஆறவிட்டு, மண்பானையில் இட்டு, சோறு மூழ்கி மேலே இரண்டு விரற்கடை நிற்கும்படி நீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். காலையில் நீர் இலேசாகப் புளித்திருக்கும். சோற்றைக் கையால் பிசைந்து, தட்டிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, ஓர் அகப்பை தயிர், பிழிந்த தேசிக்காய் ஆகியவற்றைச் சேர்த்தால் உணவு ஆயத்தம். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். சித்திரை, வைகாசி வெயிலில் மோர்மிளகாய், பாகற்காய் வற்றல், வேப்பம்பூ வடகம் ஆகியவற்றைக் காயவைத்துப் போத்தலில் அடைத்தவர்களுக்கு அடுத்த மாதங்களில் சமையல் பாதி முடிந்த மாதிரித்தான்.

சொதியைக் கைவிடத் தேவையில்லை என்றும் சொல்ல விரும்புகிறேன். அரிசியின் முதற் கழுநீரை ஊற்றிவிட்டு, இரண்டாம் கழுநீரை எடுத்து, அதில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், தக்காளி இட்டுக் கொதிக்க வையுங்கள். கழுநீரே சிறிது தடிப்பைக் கொடுத்துவிடும். இறக்கும் தறுவாயில் கால் மூடித் தேங்காயின் முதற்பாலை மட்டும் விட்டு, ஒரு கொதி எழும்பும் முன்பே இறக்கி, சற்று ஆறியபின் தேசிக்காய் பிழிய வேண்டும். அளவாகச் செய்து அந்த வேளையே முடித்துவிட்டால், சகோதரி அஞ்சுகின்ற இரண்டு மணிப் பிரச்சினை எழாது.

பொதுச் சுகாதாரம் படித்தவன் எழுதியது:

பழஞ்சோற்றை நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆயினும் ஆசிரியை அவர்களின் செய்முறையில் சில இடங்களை இறுக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் இயல்பாகவே இருக்கக்கூடும். அவை சோறு கொதிக்கும் சூட்டிலும் சாவதில்லை. வெந்த சோறு நீரின்றி, மூடிய சட்டிக்குள், வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை ஏற்படுத்தும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீரில் ஊறும் சோற்றில் இலற்றிக் அமில பற்றீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றும்போது தீங்கான கிருமிகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. ஆனால் அந்தப் புளிப்பு ஏறுவதற்குச் சில மணி நேரம் தேவை.

ஆகவே மதியம் வடித்து இரவு வரை சட்டியில் கிடந்த சோற்றை ஊறவைக்காதீர்கள். இரவுக்கென வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி விரைவாக ஆறவிட்டு, கொதித்தாறிய நீரை ஊற்றுங்கள். குழம்போ பால்கறியோ பட்ட சோற்றை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. காலை எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். கோடையில் மதியம் வரை வைத்திருப்பது ஆபத்தானது. நீர் நூலாக இழுபட்டாலோ, புளிப்பன்றி வேறு வாடை வந்தாலோ, கொட்டிவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கும் நோயிலிருந்து தேறி வருபவர்களுக்கும் சுடுகஞ்சியே நல்லது.

மூதூர் ஆசிரியை எழுதியது:

மதியச் சோறு பற்றிய எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் வெளிப்படையாக எழுதவில்லை. பானையைப் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மண்பானையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவாமல், தேங்காய்த் தும்பால் தேய்த்து, சுடுநீர் விட்டு அலசி, பகல் முழுவதும் வெயிலில் கவிழ்த்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரே பானையை ஓய்வின்றிப் பாவிப்பதைவிட இரண்டை மாற்றி மாற்றிப் பாவிப்பது நல்லது.

நிலாவெளித் தோட்டக்காரன் எழுதியது:

எல்லோரும் சமைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். விளைவிப்பவன் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்கிறேன். எங்கள் மணல் தரையில் கிணற்று நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது. அது மழை நீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர் நீரின் மேல் தங்கியிருக்கும் நன்னீர். பம்பியை நீண்ட நேரம் ஓடவிட்டு ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலேறிவிடும். பிறகு வெங்காயத்தின் தாள் நுனியெல்லாம் கருகும். அதனால் கச்சான் காலத்தில் எதை நடுவது என்பதை ஆசை தீர்மானிக்க முடியாது, கிணறுதான் தீர்மானிக்கிறது. முருங்கைக்கு நீரே வேண்டாம். கத்தரியும் வெண்டியும் மூட்டில் வைக்கோல் பரப்பினால் சமாளித்துக்கொள்ளும். கீரைக்கு அன்றாடம் நீர் வேண்டும். குளிக்கும் நீர் வழிந்தோடும் கிணற்றடி வாய்க்காலில் பொன்னாங்காணியையும் வல்லாரையையும் நட்டுவிட்டால் தனியாக இறைக்கத் தேவையில்லை. சவர்க்கார நீர் விழும் இடத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

‘நம் ஊர்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு மனத்தாங்கல் உண்டு. இங்கே விளைந்த பூசணி லொறியில் தம்புள்ளைக்குப் போய், அங்கே விலை பேசப்பட்டு, மறுநாள் திருகோணமலைச் சந்தைக்கே திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பயணச் செலவையும் சேர்த்துத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். நிலாவெளி, குச்சவெளி வீதியோரத்தில் சாக்கு விரித்து விற்பவர்களிடம் வாங்கினால் அது மிச்சம். மலைநாட்டுக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் இல்லாவிட்டால் கறி சிறக்காது என்று எண்ணுபவர்களோடு நான் விவாதிப்பதில்லை. ஆனால் அவை இங்கு வந்து சேரும்போது வாடி நிற்பதையும், முழுப் பூசணி நிழலில் பல வாரம் அசையாமல் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேங்காய் குறைந்த கறி கேட்டீர்கள் அல்லவா? அடுப்பு மூட்டியிருக்கும்போதே ஒரு பருத்த கத்தரிக்காயைத் தணலில் புரட்டிச் சுட்டு, கருகிய தோலை உரித்து, கையால் மசித்து, அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்துவிடுங்கள். எண்ணெயும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்கள் நேரடிச் சுவாலையில் சுடலாம். ஆனால் தணலின் புகைவாசம் வராது. 2022 இல் எரிவாயு கிடைக்காமல் நகரமே விறகுக்கு அலைந்தபோது பலர் இந்தச் சுவையை மறுபடி கண்டுகொண்டார்கள்.

துறைமுகத்துப் பிள்ளை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவராவது மீனைப் பற்றி எழுதவில்லையே! சித்திரை முதல் புரட்டாதி வரை நம் கடல் அமைதியாக இருக்கும் காலம். மேற்குக் கரையில் அலை எழும்போது நீர்கொழும்பு மீனவர்கள்கூட இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடிக்கிறார்கள். கீரி மீனும் சூடை மீனும் மலிந்து கிடக்கும்போது பயற்றைச் சுற்றி வருவது எனக்கு விளங்கவில்லை.

உப்புவெளி வாசி எழுதியது:

தம்பி, கடலை வயலோடு சேர்க்காமல் விட்டது உண்மைதான், ஆனால் வேண்டுமென்றே விட்டேன். மீன் என்றதும் வீட்டில் எவரும் மரக்கறியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் இந்த இழையின் நிபந்தனைக்குப் பொருந்தும் மீன்கறி ஒன்று உண்டு. சூடையைச் சுத்தம் செய்து, பழப்புளியைத் தடிப்பாகக் கரைத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உள்ளி, வெந்தயம், உப்பு இட்டு, மண்சட்டியில் நீர் வற்றும் வரை அவித்தால் காலையில் வைத்தது இரவிலும் நன்றாக இருக்கும். புளியும் வற்றலும்தான் அதைக் காக்கின்றன. தேங்காய்ப்பால் ஒரு துளி சேர்ந்தாலும் அந்தக் காவல் தளர்ந்துவிடும்.

மற்றவர்கள் எழுதியவற்றைப் படித்த பின்பு என் ஒழுங்கை இப்படி மாற்றியிருக்கிறேன். காலையில் பழஞ்சோறு. ஆறரைக்குள் ஒரு முறை அடுப்பு மூட்டி, சோறு, வறுத்துடைத்த பயற்றங்கறி, வெண்டிக்காயோ பாகற்காயோ வதக்கல் ஒன்று. அந்தத் தணலிலேயே கத்தரிக்காய். மதியத்துக்கு இவையும் பச்சையாக அரிந்த கெக்கரியும் போதும். மாலையில் திரும்பியதும் சமைப்பது ஒரே ஒரு புதுக்கறி. அது கழுநீர்ச் சொதியாகவோ மோர்க்கறியாகவோ இருக்கும். இவ்வாறு செய்தால் தேங்காய் இரவுச் சொதிக்கு மட்டுமே உடைபடுகிறது. தேங்காய்ச் சம்பலின் இடத்தில் மாங்காய்ச் சம்பலை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் முழுமனதோடு இணங்கவில்லை.

பாலையூற்று மருமகள் எழுதியது:

அக்கா, எங்கள் மாமி இரவில் மோரும் கீரையும் ஆகாது என்கிறார். உங்கள் ஒழுங்கில் இரவில் மோர்க்கறி வருகிறதே?

உப்புவெளி வாசி எழுதியது:

மாமியோடு இதற்காக முரண்பட வேண்டாம், தங்கை. மோர்க்கறியை விடுமுறை நாள் மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவுக்குச் சொதி இருக்கட்டும்.

கொழும்பிலிருக்கும் திருமலையான் எழுதியது:

முருங்கையிலை பற்றி எவரும் விரிவாக எழுதவில்லை. இங்கே ஒரு கட்டு வாங்கி வறை செய்தால் கறுத்துக் கசந்து போகிறது. அம்மா செய்யும்போது பச்சை நிறம் மாறாமல் இருந்ததாக ஞாபகம்.

மூதூர் ஆசிரியை எழுதியது:

இலையை உருவிய பின்பு கழுவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். காம்போடு கொத்தாக நீரில் அலசி, உதறி, நிழலில் ஈரம் போகத் தொங்கவிட்டு, அதன் பின்னரே உருவ வேண்டும். முற்றிய இலையும் ஈர்க்கும் சேர்ந்தால் கசக்கும். கொழுந்தை அடுத்துள்ள இலைகளையே எடுங்கள். அகன்ற தாச்சியில் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் நெருப்பைக் கூட்டி, இலையை இட்டு, கைவிடாமல் கிளறுங்கள். மூடி போடாதீர்கள், நீர் தெளிக்காதீர்கள். இலை சுருண்டதும் உப்பையும் ஒரு பிடி தேங்காய்ப்பூவையும் சேர்த்து, இரண்டு முறை புரட்டி இறக்குங்கள். தேங்காயை விலக்க விரும்பினால் வறுத்து இடித்த கச்சான்கொட்டையைத் தூவலாம்; சிறிது எள்ளும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும். கொழும்பில் கட்டாக வாங்கும் இலை பறித்து நெடுநேரம் ஆகியிருக்கும். அதற்கு எந்தச் செய்முறையும் முழுமையாக உதவாது. தொட்டியில் ஒரு கிளையை ஊன்றிப் பாருங்கள், வெயில் படும் மாடியானால் வளரும்.